மீட்டல்

தேயிலைத் தோட்டப் பாடசாலை மறுபடி திறந்த முதல் நாள். கண்டியிலிருந்து பஸ்ஸேறி வந்த சத்தியபாமா டீச்சர், “இண்டைக்குப் புதுப் பாடம் இல்லை, படிச்சதை மீட்டல் மட்டும்தான்,” என்று சொல்லி அந்தச் சொல்லைப் பலகையில் எழுதினார்.

பழைய நாகரிகங்கள் பாடத்தை அவரே தேர்ந்தெடுத்திருந்தார். இந்தப் பிள்ளைகளுக்கு அதைவிடத் தூரமான விஷயம் இல்லை என்று நினைத்தார்.

“சிந்துவெளிச் சனம் எப்பிடி வீடு கட்டினவை?”

“வரிசையா கட்டுனாங்க. முன்னால தண்ணிக் கான் ஓடும். நம்ம லயத்து வீடுங்க மாதிரி டீச்சர்,” என்றான் லக்ஸ்மன்.

“அது கிறிஸ்ரி சொன்ன பதில்,” என்றாள் தினுஷா. “போன தவணை சொன்னான். நீங்ககூட சிரிச்சீங்க.”

அன்று வகுப்பே சிரித்தது. இன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

“ஓம், சரியான விடைதான். பிறகு அந்த ஊருக்கு என்ன நடந்தது, லக்ஸ்மன்?”

“மண்ணு மூடிருச்சு.”

“எப்பிடிக் கண்டுபிடிச்சவை?”

“தோண்டுனாங்க.”

“எவ்வளவு காலத்துக்குப் பிறகு?”

“ஆயிரக்கணக்கான வருஷம் கழிச்சு.”

“கெட்டிக்காரன். இரு.”

லக்ஸ்மன் உட்காரவில்லை. வாங்கில் அவனுக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

“அவ்வளவு வருஷம் கழிச்சும் தோண்டுனாங்கதானே டீச்சர்? இங்க போன மாசம்தான் மலை சரிஞ்சு லயத்த மூடுச்சு. ஏன் நேத்தோட தோண்டுறத நிப்பாட்டிட்டாங்க? கிறிஸ்ரி இன்னும் உள்ளதானே இருக்கான்?”

டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினார். அதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அதை அழித்தார்.