மாட்டுக்கொட்டகை சர்வர்

"தூ!" என்றான் சோப்பு. கறுப்புத் திரையில் அந்த லினக்ஸ் சர்வருக்குள் எட்டிப் பார்த்ததுமே அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலையை ஆரம்பித்திருந்தான். ஓயாமல் கை கழுவுகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர்.

போன் அடித்தது. மனைவியின் அண்ணன். இந்த வேலைக்கு ஏற்பாடு செய்தவரும் அவர்தான்.

"மாப்ளே, ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இது சர்வரா மச்சான்? மாட்டுக்கொட்டகை! வருஷக்கணக்கா அப்டேட்டே பண்ணல. எவனோ இதைப் பாத்துக்கிறேன்னு சொல்லி மாசாமாசம் சம்பளம் வேற வாங்கியிருக்கான், வெக்கங்கெட்டவன்!"

"அது நமக்கெதுக்கு? பிரவுசர்ல திறந்து மவுஸால மாத்துற மாதிரி பேங்க் பேருக்கு வழிகாட்டுற டிஎன்எஸ் பக்கத்தைப் போட்டுக் குடுங்க. கறுப்புத் திரையெல்லாம் எனக்கு ஆகாது. நாளைக்குக் காலையில பேங்க் பேரைத் தட்டுற ஜனம் பூரா நம்ம கம்ப்யூட்டருக்கு வந்து சேரணும். இதையாவது உருப்படியா முடிங்க, தங்கச்சியை அனுப்பி வைக்கிறேன்."

அவள் கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடந்தது. இன்றைக்கு முடித்தே ஆக வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு மென்பொருளை நிறுவினான். பிரவுசரில் புதுப் பக்கம் பளிச்சென்று திறந்தது. இடப்பக்கம் வங்கியின் பெயர், வலப்பக்கம் அந்தப் பெயரைத் தட்டுகிறவர்கள் போய்ச் சேர வேண்டிய கம்ப்யூட்டரின் முகவரி. அந்த ஒரு முகவரியை மாற்றினால் வேலை முடிந்தது.

ஆனால் மனசு கேட்கவில்லை. துலக்கின பாத்திரத்தைச் சாக்கடையோரம் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது.

பாஸ்வேர்டை நினைத்தாலே எரிச்சலாக வந்தது. அதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. உள்ளே நுழையும்போது வங்கியின் பெயரோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டிப் பார்த்திருந்தான், உடனே திறந்துகொண்டது. ஜனங்கள் காசு போட்டு வைக்கிற இடத்துக்கு இதுவா பூட்டு?

"கருமம், கருமம்!" என்று தலையிலடித்துக்கொண்டு வேலையில் இறங்கினான். விட்டுப்போன அப்டேட்டுகளை எல்லாம் ஏற்றினான். என்றைக்கோ வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளைக் களைந்தான். பாஸ்வேர்டை யாராலும் ஊகிக்க முடியாத நீளத்துக்கு மாற்றினான்.

கடைசியாக ஃபயர்வால். வங்கிக் கட்டடத்துக்கு உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களைத் தவிர வேறு எதுவும் சர்வருக்குள் நுழைய முடியாதபடி விதி எழுதி, என்டரைத் தட்டினான். அப்பாடா என்றிருந்தது.

திரை அப்படியே உறைந்து நின்றது. பிரவுசரில் புதுப் பக்கமும் திறக்கவில்லை. தானும் அந்தக் கட்டடத்துக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுபடியும் போன்.

"என்ன மாப்ளே, மாத்தியாச்சா? தங்கச்சி பெட்டி கட்டிட்டு நிக்குறா."

"அதுக்கு முன்னாடி, கொஞ்சம் சுத்தம் பண்ணலாமேன்னு…"

"சுத்தமா? பண்ணி?"

சோப்பு உறைந்த திரையில் இன்னொரு தடவை என்டரைத் தட்டிப் பார்த்தான்.

"திருட வந்த பேங்கை நானே பூட்டிட்டேன் மச்சான்!"