படிக்காமல் விட்ட சீட்டு

எட்டுச் சீட்டும் என் மடியில் வந்து விழுந்தன.

ஆட்டம் இதுதான். கேள்வி அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை எடுப்போம். நடுவரைத் தவிர எல்லோரும் வெற்றுச் சீட்டில் பதில் எழுதி, பெயர் போடாமல் கொடுக்க வேண்டும். நடுவர் உரக்கப் படிப்பார். அதிகம் சிரிக்க வைத்தவருக்குப் புள்ளி.

இந்தச் சுற்றுக்கு நடுவர் நான்.

கேள்வி: நடுவரின் வலப்பக்கம் இருப்பவர் பத்து வருடம் கழித்து என்ன செய்துகொண்டிருப்பார்?

என் வலப்பக்கம் குண்டன்.

எங்கள் நண்பர் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு; இவனுக்குப் பெயர்தான் குண்டன். மூன்றே மாதத்தில் பாதியாகிவிட்டான். எந்த ஜிம், என்ன டயட் என்று வந்ததிலிருந்து எல்லோரும் அவனைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். காதல் தோல்வி என்று சொல்லிச் சமாளித்தான்.

அவன் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கு எங்கள் லேபுக்கு வந்தது அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட்டை டைப் செய்தவள் நான்தான். அவன் பெயரிலேயே ஒரு பிழை விட்டு, திருத்தினேன்.

திங்கட்கிழமைதான் கொடுப்பார்கள். இன்று ஞாயிறு. இந்த ஒரு நாளாவது அவன் சிரிக்கட்டும் என்றுதான் வந்திருந்தேன்.

முதல் சீட்டைப் பிரித்தேன். 'அப்பவும் வண்டி நிறுத்த இடம் தேடிக்கிட்டிருப்பான்.'

ஹால் அதிர்ந்தது.

'மூணாவது பொண்டாட்டியோட நைட்டிய அயர்ன் பண்ணிக்கிட்டிருப்பான்.'

வாத்தியார் பாயில் புரண்டு புரண்டு சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் குண்டன்தான், இருமல் வரும்வரை.

எட்டாவதைப் பிரித்தேன்.

'சுவத்துல போட்டோவா தொங்கிக்கிட்டு, உங்க ஆட்டத்த வேடிக்கை பாத்துக்கிட்டிருப்பான்.'

கையெழுத்து தெரியக்கூடாதென்று எல்லோருமே கோணல்மாணலாகத்தான் எழுதியிருந்தார்கள். யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை. கோபமும் வரவில்லை. பாவம், விஷயம் தெரியாமல் எழுதியது. வேறொரு நாளாக இருந்தால் நானே இதற்குத்தான் புள்ளி கொடுத்திருப்பேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் படித்தேன்.

"தாத்தாவாகி, பல்செட்டைத் தேடிக்கிட்டிருப்பான்."

பத்தே வருஷத்திலா என்று டிரைவர் கேட்க, அதற்கும் ஒரு சிரிப்பு. சீட்டை உள்ளங்கையில் கசக்கிக்கொண்டேன். நைட்டிக்குப் புள்ளி கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனேன்.

பின்னாலேயே குண்டன் வந்தான்.

"நான் எழுதினத நீ படிக்கவே இல்லையே."

கசக்கிய எட்டாவது சீட்டு என் கையிலேயே இருந்தது.

"போன மாசமே வேற லேப்ல அதுதான்னு சொல்லிட்டாங்க. தப்பா இருக்கும்னுதான் உங்க லேப்ல மறுபடி கொடுத்தேன்."

சுவரில் சாய்ந்துகொண்டான். நின்று பேசவே மூச்சு வாங்கியது.

"நாளைக்கு வரைக்கும் பொறுக்க முடியல. கேட்டா நீ சொல்ல மாட்டே. அந்தக் கேள்வி வந்ததும், எழுதிப் பாக்கலாம்னு தோணிச்சு. ஒண்ணுமில்லேன்னா நீ சிரிச்சுக்கிட்டே படிச்சிருப்பே."

ஹாலிலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். அடுத்த சுற்றுக்கு அவன்தான் நடுவர்.

"இதோ வந்துட்டேன்டா" என்றான், என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.