நிறுத்து என்கிற சேவை

கிடங்கில் நாங்கள் மாட்டிக்கொள்ளும் இரும்புச் சட்டைதான் எங்கள் கைகால்களை அசைத்து மூட்டை தூக்க வைக்கும். 'நிறுத்து' என்றால் நின்றுவிடும். அப்படிச் சொன்னால் மறுநாள் வேலை கிடையாது என்பதால் எவனும் சொன்னதில்லை.

இன்று என் மனைவி பவுனம்மா மயங்கிவிட்டாள். தலை தொங்கிக் கிடந்தவளைச் சட்டை நடத்திக்கொண்டே இருந்தது. "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினேன். நிற்கவில்லை.

"கத்தாதய்யா," என்றார் சூப்பர்வைசர். "அந்தச் சேவைய யாருமே பயன்படுத்தலன்னு, பாதுகாப்புத் தணிக்கையில சர்வர்லேர்ந்தே நிரந்தரமா எடுத்துட்டாங்க. ஷிப்ட் முடிஞ்சா தானா நிக்கும்."

"அதுக்குள்ள செத்துருவாடா, பாவி!"

அவளைத் தாங்கிப் பிடிக்கத் திமிறினேன். என் சட்டை என்னைத் திருப்பி, அடுத்த மூட்டைக்குக் குனிய வைத்தது.