தம்பியின் குரல்

பட்டறையில் வெல்டர் இரும்புக் கதவைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தம்பியின் குரல் அழுதது.

"அண்ணா, ஆக்ஸிடென்ட் ஆயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டணும். உன் போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சீக்கிரம் சொல்லு!"

தம்பி எதிரிலேயே கம்பி வெட்டிக்கொண்டிருந்தான், ஒரு கீறல்கூட இல்லாமல். வெல்டர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"திருட்டுப் பசங்க! என் குரலையே செஞ்சு வெச்சிருக்கானுங்க. நம்பரைச் சொல்லிடாதண்ணா," என்றான் தம்பி.

அவர் சொல்லவில்லை. குரலும் விடவில்லை, கெஞ்சியது, விம்மியது. தம்பிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. போனைப் பிடுங்கி இரும்புப் பலகைமேல் வைத்துச் சுத்தியலை ஓங்கினான். முதல் அடியில் கண்ணாடி சிதறியது. உள்ளிருந்து அலறல் கேட்டது. மறுபடி அடித்தான். அலறல் அடங்கும்வரை அடித்தான்.

"போதும்டா, ஒழிஞ்சான்," என்று வெல்டர் சிரித்தார்.

தம்பியும் சிரிக்க வாயைத் திறந்தான். உடைந்த பற்கள் ரத்தத்தோடு கொட்டின. தாடை தொங்கியது. தாங்கிப் பிடித்த அண்ணனின் சட்டை முழுக்க நனைந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காயங்களைப் பார்த்து முகம் சுளித்தார்.

"சுத்தியல் அடி மாதிரி இருக்கே. யாருப்பா இப்படி அடிச்சது?"

பேச முடியாத தம்பி, விரலைத் தன் பக்கமே திருப்பினான்.