அடைப்புக்குறி இல்லாத குறிப்பு

"எத்தனை எழுத்து?" என்று முதலில் கேட்டவர் சிங்கப்பூர்க்காரர்.

அதற்குள் மற்றவர்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் குறுக்கெழுத்துக் குழுவில் அன்று காலை கொடி போட்டிருந்தது இதுதான்: "அவசரம். மூன்று பேர் வேண்டும். உத்தமபாளையம் சார்பதிவாளர் அலுவலகம். அடையாள அட்டை மறவாதீர்."

குழுவில் யாரும் முகம் காட்டுவதில்லை. டெலிகிராமில் எல்லாருக்கும் புனைபெயர்தான். அவள் கொடி, நான் எறும்பு. தினமும் காலையில் ஒருவர் குறிப்புப் போடுவார், மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வோம். குறிப்பு மேலுக்கு ஒன்று சொல்லும், விடை உள்ளே ஒளிந்திருக்கும்.

போன வாரம் கொடி போட்டது: "சம்பளத்தின் தொடக்கத்தோடு யானையின் வெறி சேர்ந்தால் ஒப்புதல் (5)."

சம், மதம். சம்மதம். முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். எறும்பு எறும்புதான் என்று கொடி கைதட்டியிருந்தாள்.

இன்றைக்கு சிங்கப்பூர்க்காரர் 'மூவேந்தர்' என்றார். கோவையிலிருந்து ஒரு டாக்டர் 'திரிபலா' என்றார். சென்னைக்காரர் ஒருவர் உத்தமபாளையத்தின் எட்டு எழுத்தையும் கலைத்துப் போட்டு, 'உத்தமம்' கிடைத்துவிட்டது, மிச்சமிருக்கும் 'பாளைய'வை என்ன செய்வது என்று கவலைப்பட்டார்.

திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து நானும் கொஞ்ச நேரம் 'மறவாதீர்' என்ற சொல்லைப் புரட்டிக்கொண்டிருந்தேன். புத்தி அப்படிப் பழகிவிட்டது. வீடு பற்றி எரிந்து யாராவது "தண்ணி" என்று கத்தினாலும், மூன்றெழுத்தா என்று கேட்கிற கூட்டம் நாங்கள்.

பிறகுதான் சுருக்கென்றது. கடைசியில் அடைப்புக்குறியைக் காணோம். சோற்றில் உப்பை மறந்தாலும் கொடி எழுத்தெண்ணிக்கையை மறக்கிறவள் இல்லை.

"இது குறிப்பு இல்லை. அந்தப் பெண் நிஜமாகவே கூப்பிடுகிறாள்" என்று குழுவில் எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் கொடியின் பதில் வந்தது. அதுவரை அலுவலகத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தாளாம். இன்று அவளுக்குப் பதிவுத் திருமணம். இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை. சாட்சிக்கு வருவதாகச் சொன்ன மூன்று பேரும் கடைசி நேரத்தில் பயந்து போனை அணைத்துவிட்டார்கள். மதியத்துக்குள் மூன்று சாட்சி நிற்காவிட்டால் இன்று நடக்காது. விஷயம் கசிந்துவிட்டதால் நாளைக்கு அவளை வாசல் தாண்ட விடமாட்டார்கள்.



தேனி பஜாரில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் ஒருவர், என் பெயர் ஜெபராஜ், இதோ பஸ் ஏறுகிறேன் என்று எழுதினார். அனுமந்தன்பட்டி அங்கன்வாடி டீச்சர் சுருளியம்மாள், தான் பக்கத்தில்தான் இருப்பதாகவும் பிள்ளைகளை ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு வருவதாகவும் எழுதினார். 'மூவேந்தர்' சொன்னவர் மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை.

"எறும்பு, நீங்கள் கம்பம் பக்கம்தானே? திராட்சைக்கு இந்த மழை ஆகாது என்று ஒருமுறை எழுதியிருந்தீர்களே" என்று கொடி கேட்டாள்.

அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு பாதைக்குப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

முடியாது என்று சொல்ல எனக்கு ஆயிரம் காரணம் இருந்தது. ஊர் என்ன பேசும் என்பது அதில் முதல் காரணம். ஆனால் மூன்று பேர் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர்தான் நிற்பார்கள்.

"வருகிறேன்" என்று எழுதிவிட்டு மோட்டாரை நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்து வெள்ளைச் சட்டையை மாட்டும்போது, உத்தமபாளையத்தில் ஒரு வேலை என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. பீரோவைத் திறந்து என் ஆதார் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தாள்.

"இது இல்லாமப் போனா திருப்பி அனுப்பிருவாக."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று பைக்கில் பாதி தூரம் போன பிறகுதான் யோசித்தேன்.

அலுவலக வராந்தாவில் வேர்த்து வழிந்தபடி ஒருவர் நின்றார், ஜெபராஜாக இருக்க வேண்டும். பக்கத்தில் சுருளியம்மாள், கையில் வாழையிலையில் கட்டிய மல்லிகைப்பூவோடு. வரும் வழியில் வாங்கியிருப்பார்.

உள்ளே கொடி எனக்கு முதுகைக் காட்டி எழுத்தரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பொறுங்க சார். எறும்புன்னு ஒருத்தர் வர்றேன்னு சொல்லிருக்காக. சொன்னா வந்துருவாக."

செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

பார்த்ததும் முகம் வெளுத்து, பக்கத்தில் நின்ற பிரின்ஸை மறைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து நின்றாள் என் மகள் ஓவியா.

தடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். வேறு எப்படி நினைப்பாள். பிரின்ஸ் பெயர் வீட்டில் அடிபட்ட நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சே கிடையாது. ராத்திரிச் சாப்பாட்டில்கூட அவள் போனைப் பார்த்து மட்டும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போய்த்தான் நான் எறும்பானேன். என்னிடம் பேசாதவள் எறும்பிடம் தினமும் பேசினாள்.

ஆதார் அட்டையை எடுத்து எழுத்தரின் மேசைமேல் வைத்தேன்.

"எறும்பு வந்துருச்சு, ஆத்தா."