சின்னதே போதும்

"பெருசுக்கும் சிறுசுக்கும் என்னங்க வித்தியாசம், யூனுஸ் பாய்?"

கேட்டவர் மோட்டார் பம்பு கம்பெனி முதலாளி திருமலைசாமி. பதில் வேண்டிக் கேட்கிற ஆள் இல்லை. பாதி சொல்வதற்குள் "தெரியுமுங்க" என்று மூடிவிடுவார்.

ஆயுத பூஜை. கணபதி ஏரியாவில் அவருடைய கம்பெனி வாசல். லேத்துகள் சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு ஓய்வாக இருந்தன. தொழிலாளர்கள் பொரியை மென்றபடி போட்டோவுக்கு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

இடது கடைசியில் முதலாளியின் புது வெள்ளை கான்டஸா கார், மாலையும் வாழைக்கன்றும் கட்டிக்கொண்டு நின்றது. நடுவில்தான் நிற்க வேண்டும் என்றார். நடுவில் நிறுத்தினால் ஆட்கள் மறைவார்கள் என்று நான் கெஞ்சிய பிறகே ஓரத்துக்குப் போனது.

போட்டோவைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி ஆபீஸ் முகப்பில் மாட்டப் போகிறாராம். மூலைக்கு மூலை கலர் லேப் வந்துவிட்ட காலத்தில் என்னுடைய பழைய பெட்டிக் கேமராவைத் தேடி வந்தது அதற்காகத்தான். அதில் பிலிம் உள்ளங்கையை விடப் பெரியது.

வாசல் குறுகல். இன்னும் ஓரடி பின்னால் போனால் காம்பவுண்டு சுவர் முதுகில் இடிக்கும். சாதா லென்ஸில் பாதிப் பேர்தான் அடங்குவார்கள். ரொம்ப அகலமானதைப் போட்டால் ஓரத்தில் நிற்பவன் முகம் இழுபட்டு, அவன் பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியாது.

கொஞ்சம் அகலம் போதும். அதற்கு என்னிடம் இரண்டு லென்ஸ் உண்டு. ஒன்று சொம்பு மாதிரி கனம். இன்னொன்று பொடி டப்பா அளவு. கேமராவை மடித்தால் உள்ளேயே அடங்கிவிடும்.

"பெருசு ஓரம் வரைக்கும் வெளிச்சம் குடுக்குமுங்க. சிறுசும் பளிச்சுனுதான் எடுக்கும். ஆனா லென்ஸைப் பக்கவாட்டுல நகத்திட்டா ஒரு ஓரம் இருட்டாப் போயிருமுங்க" என்றேன்.

அன்றைக்குத்தான் அவர் ஒரு பதிலை முழுதாகக் கேட்டார்.

"எந்த ஓரமுங்க?"

"எந்தப் பக்கம் நகத்துறமோ அந்தப் பக்கமுங்க."

அவருடைய பார்வை வரிசையின் வலது கடைசிக்குப் போனது.

அங்கே ராசாத்தாள் நின்றிருந்தார். முதலாளியின் செத்துப்போன அண்ணனின் மனைவி. இந்தக் கம்பெனியின் முதல் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிய கை அவருடையது. இப்போது பங்கு கேட்டுக் கேஸ் போட்டிருக்கிறார். பூஜை நாளில் யாரும் தடுக்க முடியாது என்று தெரிந்து, புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து, கம்பி சுற்றும் வைண்டிங் பெண்களோடு நின்றுவிட்டார்.

நான் கேமரா முக்காலியை விரித்தபோதே பக்கத்தில் வந்து கேட்டிருந்தார்.

"ஏனுங்க பாய், நானு இந்தப் படத்துல உழுவேனுங்களா?"

உழுவீங்க அக்கா என்று சொல்லியிருந்தேன்.

இத்தனை தொழிலாளர்கள் முன்னால் அண்ணியைப் போகச் சொல்ல முதலாளிக்கு வாய் வரவில்லை. நல்லவர் என்ற பேர் வேறு இருக்கிறதே, அதையும் காப்பாற்ற வேண்டும். என் காதருகே வந்தார்.

"சிறுசே போடுங்க. வலது கடைசி இருட்டாப் போகோணும். கேட்டாங்கன்னா லென்ஸ் மேல பழியப் போட்டரலாமுங்க."

வேண்டாதவர்களைப் போட்டோவிலிருந்து கத்தரித்து எறிந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதற்காவது கொஞ்சம் தைரியம் வேண்டும். இவர் கத்தரிக்கோலை என் கையில் கொடுக்கிறார், பழியைக் கண்ணாடித் துண்டின் தலையில் கட்டுகிறார். இந்த லட்சணத்தில் நெற்றி நிறையத் திருநீறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்ன லென்ஸை மாட்டினேன். பக்கவாட்டில் எவ்வளவு போகுமோ அவ்வளவும் நகர்த்தித் திருகினேன்.

"நீங்களே பாத்துருங்க" என்று கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்தேன்.

உள்ளே நுழைந்தார். கேமராவின் பின்பக்கத்துக் கண்ணாடியில் அவருடைய தொழிலாளர்கள் அத்தனை பேரும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புழுக்கத்தில் அவரால் நின்று நிதானமாகப் பார்க்க முடியவில்லை. வியர்வையோடு வெளியே வந்தார்.

"வலது ஓரம் நல்ல இருட்டுங்க. அசைக்காம அப்படியே எடுங்க."

வழியில் கணக்குப்பிள்ளையிடம் நின்று, "லென்ஸுன்னா சின்னதுதானுங்க பெஸ்ட்டு. நானேதான் செலக்ட் பண்ணுனேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போய்த் தன் இடத்தில் நின்றார். இடது கடைசி. கை கான்டஸாவின் பானட் மேல் இருந்தது. சுவரில் மாட்டப் போகும் சிரிப்பு இப்போதே முகத்துக்கு வந்துவிட்டது.

பிலிமைச் செருகிவிட்டு நிமிர்ந்தேன். ராசாத்தாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கண்ணாடியில் படம் தலைகீழாக விழும். அதை முதலாளியே பார்த்துவிட்டார். இடமும் வலமும்கூட மாறித்தான் விழும். அதை நான் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்திருந்தாலும் "தெரியுமுங்க" என்றிருப்பார். உள்ளே அவர் இருட்டைத்தான் தேடினார். அந்த இருட்டுக்குள் நின்ற தன் காரைத் தேடவில்லை.

ஷட்டர் ஒயரைக் கையில் எடுத்தேன்.

"அக்கா, அசையாம நில்லுங்க" என்றேன்.

முதலாளி எப்படி வேண்டுமானாலும் நிற்கட்டும்.