தமிழ் மிஸி

எஸ்டேட்டில் போன் கணக்கெழுதும் கிராணியின் மேசையில் மட்டும்தான் இருந்தது. அதில் பேசினால் சாயங்காலத்துக்குள் லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் அஞ்சலை பஸ் ஏறிப் பெடாஸ் டவுனுக்கு வந்து, கடைத்தெருப் போனிலிருந்து ஆஸ்பத்திரியின் ஆலோசனை நம்பரைக் கூப்பிட்டாள்.

மூன்று பெண் பிள்ளைகள் போதுமென்று வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிடுவதையும், பத்து நாளாக உதிரப்போக்கு நிற்காததையும் உடைந்த மலாயில் கொட்டினாள். போனை எடுத்த நர்ஸ், முகம் தெரியாத மலாய்க்கார மிஸி; அவளிடம் சொல்லக் கூச்சமாக இல்லை.

"அக்கா தமிழரா?" மிஸிக்கு ஒரே சந்தோஷம். "தமிழர்கள் கூப்பிடுவதே இல்லையென்று இன்றுதான் ஒரு தமிழ் மிஸியைப் போட்டார்கள். அவரிடம் கொடுக்கிறேன்."

"வேண்டாம், நீங்களே சொல்லுங்கள்!"

அதற்குள் குரல் மாறிவிட்டது. "சொல்லும்மா. எந்த எஸ்டேட்டு? யாரு வீட்டுப் பொண்ணு?"

அஞ்சலை போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சலையின் வீட்டுக்கு அவள் புருஷனின் அக்கா வந்தாள். "நம்ம பொம்பளைங்களுக்குன்னு ஆஸ்பத்திரியில என்னைப் போன்ல உக்கார வச்சாங்க. ஒருத்தி என் குரலைக் கேட்டதும் வச்சிட்டா லா. இதுங்க எப்படி உருப்படும்?"

பிறகு அஞ்சலையைப் பார்த்தாள். "நீ எப்பத்தான் என் தம்பிக்கு ஒரு பையனைப் பெத்துக் குடுக்கப்போற? உக்காரு, பேசுவோம்."

உட்கார்ந்து எழுந்தால் சேலையில் கறை தெரிந்துவிடும். அஞ்சலை சுவரோடு சாய்ந்தே நின்றாள்.